முப்பத்தெட்டுப் பேரைத் தேடிப் போனவருக்கு

செங்கல்பட்டில், எங்கள் நாற்பது படுக்கை மருத்துவமனையின் மருந்தகச் சாளரத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் நின்ற அம்மையீர்! அச்சரப்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து, கடைசி நோயாளிக்கும் மாத்திரை தந்த பின்னரே சாப்பாட்டுப் பையைத் திறந்த மருந்தாளுநர் விஜயகுமாரி அவர்களே! வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் பிழையைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆனால், தங்கள் பிழையைச் சொல்லாமல் இம்மடலை வாசிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் தாங்களே. ஆகவே சொல்கிறோம்.

இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சிகிச்சையில் சீரானவர்களுக்கு, அது மீண்டும் வராதிருக்க மீன் எண்ணெய் மாத்திரை உதவும் என்று பலரையும் போலத் தாங்களும் நம்பினீர்கள். வெளியே வாங்கிச் சாப்பிடும்படி அன்போடு சீட்டும் எழுதித் தந்தீர்கள். மாமல்லபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஏசுதாஸ் அதை மட்டுமே விழுங்கிவந்தார். ரத்தம் உறையாதிருக்க மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலை, பக்கவாதம் தாக்கி, வாய் கோணி, இடக்கை தொங்க, அவரைத் தூக்கி வந்தார்கள்.

“நீதானக்கா எழுதிக் குட்த்தே? கடல் மீனு இன்னா கெடுதல் பண்ணப் போவுதுன்னு, மத்தத வுட்டுட்டேன்” என்று குழறினார்.

அன்றே மருத்துவரிடம் கேட்டு ஆய்வுகளைப் படித்தீர்கள். அந்த மாத்திரை துடிப்புக் கோளாறு திரும்புவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை. அதிக அளவில் சாப்பிட்டால் சிலருக்கு அக்கோளாற்றைக் கூட்டவும் கூடும் என்றிருந்தது. மறுநாள் சாளரத்தில் தங்கள் கையெழுத்தில் ஒரு தாள்: “மீன் எண்ணெய் மாத்திரை பற்றி நான் சொன்னது தவறு. மருத்துவர் தந்ததை நிறுத்தாதீர்கள். விஜயகுமாரி.”

பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினோம்.

“பேர எடுத்துட்டா எவன் நம்புவான்? எம்பேச்ச நம்பித்தான வாங்கினாங்க. அதே பேரு சொன்னாத்தான் கேப்பாங்க” என்றீர்கள்.

விடுமுறை நாள்களில், ஊரப்பாக்கம் முதல் கடலோரம் வரை வீடு வீடாகப் படியேறினீர்கள். சீட்டு வாங்கிய முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேரைக் கண்டீர்கள். மருத்துவர் மாத்திரையை நிறுத்தியிருந்த நால்வர் மீண்டும் தொடங்கினர். திருக்கழுக்குன்றத்துக் கன்னியம்மா மட்டும் வீடு மாறிப் போயிருந்தார். அவர் பெயரெழுதிய துண்டுச் சீட்டு இன்றும் தங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இடக்கை இன்னும் முழுதாக மீளாத ஏசுதாஸ், இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாங்கள் அழைத்து வந்தவர் அல்லர், தாமாக வந்தவர்.

அம்மா! உடல் நலத்தோடும் உள்ள அமைதியோடும் நெடுங்காலம் வாழுங்கள். சாளரத்துத் தாளை நாங்கள் கிழிக்க மாட்டோம். கன்னியம்மாவின் சீட்டை மட்டும் எங்களிடம் தந்துவிட்டுப் போங்கள். இனி நாங்கள் தேடுகிறோம்.

என்றும் தங்கள்,
மருந்தகப் பணியாளர்கள்
செங்கல்பட்டு