பம்பாய் விமானத்துக்கு அஞ்சு குடம்

தேனம்மை: …இன்னொன்னு வச்சுக்க தம்பி. வெள்ளைப் பணியாரம் ஆறிப்போச்சுன்னா நல்லாவே இருக்காது.

ஏகப்பன்: ஏழு தின்னுட்டேன் ஆச்சி. நான் கேட்டதுக்குத்தான் இன்னும் பதிலக் காணோம்.

தேனம்மை: என்ன கேட்ட?

ஏகப்பன்: போன மாசம் மெட்ராஸ்ல இருந்து பம்பாய்க்கு விமானத்துல போனீகள்ல… அதுல ஏதாச்சும் வித்தியாசமாப் பாத்தீகளா?

தேனம்மை: முதத் தடவையா ஏறுறவளுக்கு எல்லாமே வித்தியாசந்தான். மேகம் காலுக்குக் கீழ கெடந்துச்சு. ஒரு பொண்ணு தட்டுல மிட்டாய் நீட்டுச்சு. நான் ரெண்டு எடுத்தேன்.

ஏகப்பன்: அது இல்ல ஆச்சி. எங்கயாச்சும் தண்ணி ஒழுகுச்சா?

தேனம்மை: …தண்ணியா?

ஏகப்பன்: ஆமா. காலுக்கடியில ஈரம், சொட்டுச் சத்தம்… இப்படி ஏதாச்சும்.

தேனம்மை: துவையல் உறைக்குதா? நெய் கொண்டாரவா?

ஏகப்பன்: ஆச்சி!

தேனம்மை: என்னடா இது… திடுதிப்புன்னு கூடப்பொறந்த அக்கா வீடுன்னு காரைக்குடிக்கு வந்து நிக்கிற. உங்க அயித்தான் லண்டன்ல இருந்து வந்திருக்காகளே, பாக்கத்தான் வந்திருக்கன்னு நெனச்சேன். வந்ததுல இருந்து தண்ணி, தண்ணின்னா?

ஏகப்பன்: அயித்தான் எங்க?

தேனம்மை: நெற்குப்பைக்கு, அவக ஆத்தாளைப் பாக்க. மூணு வருசங்கழிச்சுப் பொண்டாட்டியப் பாக்க வந்த மனுசர். வந்து இருபது நாள் ஆச்சு, இந்த வீட்டுல இருந்தது நாலு நாள். நீ பேச்ச மாத்தாத. லீவா?

ஏகப்பன்: …லீவுதான்.

தேனம்மை: மொகத்தப் பாத்தா லீவு மாதிரி இல்லையே.

ஏகப்பன்: சரி… சொல்லிர்றேன். வியாழக்கிழமை என் மேல விசாரணை.

தேனம்மை: ஆத்தாடி! உன் மேலயா? விமானத்துல எம்புட்டுப் பாரம் ஏத்தலாம்னு கணக்குப் போட்டுக் குடுக்குறவன், நீ என்னத்தக் கவுத்த?

ஏகப்பன்: எதையும் கவுக்கல. தண்ணியக் குறைச்சேன்.

தேனம்மை: புரியுற மாதிரி சொல்லு.

ஏகப்பன்: பம்பாய் போற விமானத்துல குடிக்க, கைகழுவ, காப்பி போடன்னு பத்துக் குடம் தண்ணி ஏத்துவாக. மூணு குடந்தான் செலவாகும். மிச்சத்த எறங்கின எடத்துல தரையில தொறந்து விட்டுருவாக.

தேனம்மை: ஏழு குடத்தையுமா? நம்ம ஊர்ல மழை பேஞ்சா முத்தத்துல அண்டா, தவலைன்னு ஒன்னு விடாம வச்சுப் பிடிக்கிறோம்… பாவிக!

ஏகப்பன்: அதத்தான் ஆச்சி என்னாலயும் பாத்துக்கிட்டு இருக்க முடியல. வந்து எறங்குற விமானத்துக்கு அடியில வாளியோட நின்னு ஆறு மாசம் அளந்தேன். ஆபீஸ்ல எனக்குப் பேரே ‘வாளிச் செட்டியார்’.

தேனம்மை: ஹ… வாளிச் செட்டியாரா! அயித்தான் வரட்டும், சொல்றேன்.

ஏகப்பன்: சிரிங்க சிரிங்க. ஆனா தண்ணி போறது பெருசில்ல ஆச்சி. ஏழு குடத்தையும் சும்மா தூக்கிட்டுப் போக எண்ணெய் எரியணும்ல? விமானத்துக்கு ஊத்துறதும் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான்.

தேனம்மை: மண்ணெண்ணெயா? இங்க வீட்டு வேலைக்கு வார பொன்னுத்தாயி ரேஷன் கடை வாசல்ல வெள்ளன போயி நின்னா, மத்தியானம் ரெண்டு லிட்டரோட வாரா!

ஏகப்பன்: அரபு நாட்டுல விலையக் கூட்டினதுல இருந்து எங்களுக்கும் அதே பேச்சுத்தான். ‘எண்ணெய் மிச்சம் பிடி, மிச்சம் பிடி’ன்னு வாரத்துக்கு ஒரு சர்க்குலர். ஆனா எனக்கு விலை கூட ரெண்டாவதுதான்… அந்தப் புகை இருக்கே.

தேனம்மை: என்ன புகை?

ஏகப்பன்: நீங்க உள்ள உக்காந்திருந்தீக, தெரியாது. மேல ஏறுறப்பப் பின்னால கன்னங்கரேல்னு ஒரு வால் போகும். விமான நிலையத்துக்குப் பக்கத்துல, பல்லாவரத்துல கொடியில காயுற வேட்டி சாயங்காலத்துக்குள்ள சாம்பலாப் போயிருது. பாக்குறப்பல்லாம் வயிறு எரியுது ஆச்சி. அதுல ஒரு பிடிப் புகையாவது என்னால குறைஞ்சா… அது போதும் எனக்கு.

தேனம்மை: …நல்ல காரியந்தானேப்பா. இதுக்கா விசாரணை?

ஏகப்பன்: கேளுங்க. அஞ்சு குடம் போதும்னு எழுதிக் குடுத்தேன். மேலதிகாரி சிரிச்சாரு. பெறகு, ‘சரி, பன்னண்டு தடவை சோதிச்சுப் பாரு’ன்னாரு. பதினோரு தடவை ரெண்டு குடம் மிச்சம் இருந்துச்சு ஆச்சி! எனக்குத் தலகால் புரியல. பன்னண்டாவது தடவை…

தேனம்மை: என்ன ஆச்சு?

ஏகப்பன்: பாதி வழியில சுத்தமாத் தீந்துபோச்சு. காப்பி போடக்கூடச் சொட்டுத் தண்ணி இல்ல. ஒரு கம்பெனி முதலாளி புகார் எழுதிட்டாரு. இந்தா, படிக்கிறேன்… ‘மேகத்துக்கு நடுவே பறந்தும் ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லை.’

தேனம்மை: …பன்னண்டாவதுன்னா… எந்த விமானம்?

ஏகப்பன்: நீங்க அயித்தானைக் கூட்டியாறப் போனீகளே, அதுதான்.

தேனம்மை: க்கும்… க்கும்…

ஏகப்பன்: என்ன ஆச்சி?

தேனம்மை: ஒன்னுமில்ல… புரையேறிருச்சு.

ஏகப்பன்: நீங்க ஒன்னுமே திங்கலையே?

தேனம்மை: எச்சிலு… எச்சிலு. நீ சொல்லு.

ஏகப்பன்: வியாழக்கிழமை நான் பதில் சொல்லலன்னா திட்டத்தக் குப்பையில போட்டுருவாக. பழையபடி பத்துக் குடம். என்னையச் சரக்குக் கொட்டகைக்கு மாத்திருவாக. அதுனாலதான் ஓடியாந்தேன். குழாய் ஒழுகியிருந்தா என் கணக்கு பிழைச்சுக்கும். அன்னைக்குப் போனவகள்ல எனக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தவகதான்.

தேனம்மை: அப்படின்னா… ஒழுகுச்சு.

ஏகப்பன்: நெசமாவா!

தேனம்மை: ஆமா. ஒழுகுச்சுன்னே எழுதிக்க.

ஏகப்பன்: ஆச்சி! பழனியாண்டவரே வந்து சொன்ன மாதிரி இருக்கு! பேனா எங்க… எங்குட்டு ஒழுகுச்சு? முன்னாலயா, பின்னாலயா?

தேனம்மை: …நடுவுல.

ஏகப்பன்: நடுவுல குழாயே கெடையாதே?

தேனம்மை: அப்பப் பின்னால. அங்குட்டு… மூலையில.

ஏகப்பன்: எம்புட்டு நேரம்?

தேனம்மை: முக்கா மணி நேரம் இருக்கும்.

ஏகப்பன்: அப்பாடா… நான் தப்பிச்சேன். மருதுதான் பாவம்.

தேனம்மை: மருதா? யாரது?

ஏகப்பன்: அன்னைக்குக் குழாயெல்லாம் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டவன். சிங்கம்புணரிப் பக்கத்துப் பையன். கல்யாணமாகி ரெண்டு மாசந்தான் ஆச்சு. சரியாப் பாக்கலன்னு வேலைய விட்டுத் தூக்கிருவாக.

தேனம்மை: தூக்கிருவாகளா? அந்தப் பையன் என்ன பண்ணினான்?

ஏகப்பன்: அதான் ஒழுகுச்சுன்னு சொல்றீகளே.

தேனம்மை: …எழுதினத அடி.

ஏகப்பன்: என்னது?

தேனம்மை: அடிச்சிருடா. ஒழுகல. ஒரு சொட்டு ஒழுகல.

ஏகப்பன்: இப்பத்தானே முக்கா மணி நேரம்னீக!

தேனம்மை: முக்கா மணி நேரம் நெசம். ஒழுகினதுதான் பொய்.

ஏகப்பன்: எனக்குத் தலை சுத்துது… சரி, விடுங்க ஆச்சி. எனக்காகப் பொய் சொல்ல வந்தீக, அதுவே போதும். நான் கொட்டகைக்கே போயிக்கிறேன். மூட்டை எண்ணுறதும் வேலைதானே.

தேனம்மை: போகாத… உக்காரு. உன் கணக்கு தப்பே இல்ல தம்பி. எனக்குத் தெரியும்.

ஏகப்பன்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

தேனம்மை: சிரிக்கக் கூடாது.

ஏகப்பன்: சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?

தேனம்மை: உங்க அயித்தான் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லியே கொன்னுருவாக.

ஏகப்பன்: ஆபீஸ்ல பத்துப் பேரு படிப்பாகளே?

தேனம்மை: அவுக படிச்சுத் தொலைக்கட்டும். மானம் போனா மெட்ராஸோட போகட்டும், நெற்குப்பைக்கு வரக் கூடாது.

ஏகப்பன்: அயித்தானுக்கும் தண்ணிக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்?

தேனம்மை: எல்லாம் அவுகளாலதான். பேனாவத் தொற. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுது, ஒரு எழுத்து மாத்தக் கூடாது.

ஏகப்பன்: சொல்லுங்க.

தேனம்மை: ‘ஐயா, வணக்கம். எங்க தம்பி கணக்கும் சரி, மருது பாத்த குழாயும் சரி. மூணு வருசங்கழிச்சு வார வீட்டுக்காரகளக் கூட்டியாறப் போனேன். ராத்திரி முழுக்க ரயில்ல வந்து தலையெல்லாம் கரி. ரயிலும் லேட்டு. குளிக்கக்கூட விடாம எங்க தம்பி எழும்பூர்ல இருந்து நேரா விமானத்துல கொண்டாந்து தள்ளிட்டான். அந்தக் கோலத்துல எப்படிங்க போயி நிக்கிறது? அதுனால பின்னால இருந்த குட்டி ரூமுல தாப்பாப் போட்டுக்கிட்டு, முக்கா மணி நேரம், சீயக்காத் தேச்சுத் தலைக்குக் குளிச்சேன். கதவத் தட்டின பொண்ணு பாத்துட்டுச் சிரிச்சுச்சு, துவட்டத் துண்டும் குடுத்துச்சு, அத வையாதீக. அடுத்த தடவை குளிச்சிட்டு ஏறுறேன். அஞ்சு குடமே தாராளம். இப்படிக்கு, தேனம்மை ஆச்சி.’