பூக்கட்டிக் கொடுத்த மாத்திரை

மாட்டுத்தாவணியில் பூ வாங்குவதென்றால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். அதற்கப்புறம் கிடைப்பதெல்லாம் முந்தின நாள் பூவைக் கலந்தது. தண்ணீரைத் தெளித்துப் புதுசு மாதிரி காட்டிவிடுவார்கள். நான் செல்லூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் இறங்கி வாங்கிக்கொள்வேன். நந்தியாவட்டை கிடைத்தால் நந்தியாவட்டை, இல்லையென்றால் மல்லிகை.

விசாரணைக் குழுவிலிருந்து வந்த நீங்கள், என் மேசையில் பூ எதற்கு என்றுதான் முதலில் கேட்டீர்கள். அதனால் பூவிலிருந்தே தொடங்கினேன். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் நாகஜோதி. பசுமலையில் தமிழ் எம்.ஏ. படித்தேன். இங்கே ஆராய்ச்சிப் பிரிவில் சம்மதப் படிவத்தை நோயாளிகளுக்குப் புரியவைப்பது என் வேலை. ஒரு புது மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும்போது நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லி, அவர்களுக்குப் புரிந்த பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். நான் வருவதற்கு முன்பிருந்த படிவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘கல்லீரல் நச்சுத்தன்மை ஏற்படும் சாத்தியக்கூறு உண்டு. பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுக்கும் ஒதுக்கீடு செய்யப்படுவர்.’ எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்து உட்கார்ந்திருப்பவர், இந்தம்மா எப்போது வாசித்து முடிக்கும் என்று பெருவிரலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

எல்லாவற்றையும் நான் மாற்றி எழுதினேன். ‘இந்த மாத்திரையால் ஈரல் கெட்டுப்போகலாம். கண் மஞ்சளானால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்’ என்பது என் வரி. ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம்’ என்பதும் என் வரிதான். உங்கள் கையிலிருக்கும் படிவத்தில் அவை இருக்கின்றன, பாருங்கள். ஒன்றில்கூடப் பொய் கிடையாது.

சிக்கல் வந்தது சமவாய்ப்பு என்ற இடத்தில்தான். இந்த ஆராய்ச்சி கை கால் மூட்டு வீங்கி மடங்கிப்போகிற வாத நோய்க்கானது. சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்குப் பழைய மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். டாக்டருக்கே தெரியாத மாத்திரையை எவன் தின்பான் என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு.

அப்போதுதான் எனக்குப் பூக்கட்டிப் பார்ப்பது ஞாபகம் வந்தது. நீங்கள் சென்னையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள், அதனால் விளக்குகிறேன். பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா, கிணறு வெட்டுவதா வேண்டாமா என்று இங்கே மனசு தடுமாறினால் சாமியிடம் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். வந்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது. பூ கொடுத்த பிறகு மனசு மாறினால் அது சாமிக் குத்தம்.

கம்ப்யூட்டர் செய்வதும் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரிதான் என்று சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் சிவபாண்டி கேட்டுவிட்டு, “இம்புட்டு நாளும் இது நமக்குத் தோணலையேம்மா” என்றார்.

பிறகு ஒச்சம்மாள் என்று ஒருவர் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மாத்திரைக்கு மிசினு பூக்கட்டுறது இருக்கட்டும் தாயி. நான் இதுல சேரலாமா வேணாமான்னு மொதல்ல கட்டிப் பாக்கணும்ல?” என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் நான் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். மேசையில் ஒரு கருப்பசாமி படம் வைத்தேன். டாக்டர் அதை என் பக்தி என்று நினைத்துக்கொண்டார். ஒச்சம்மாளுக்குச் சிவப்பு வந்தது, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கும் சிவப்புதான்.

அதற்கப்புறம் என்னிடம் வந்தவர்களில் யாரும் எழுந்து போகவில்லை. சேர்ந்தவர்கள் நடுவில் விலகவும் இல்லை. மற்ற ஊர்களில் வயிற்று வலி, வாந்தி என்று பாதியில் விட்டுப் போனவர்கள் நிறைய. எங்கள் ஆட்கள் வாந்தி எடுத்துக்கொண்டும் வந்தார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு அதிசயமாக இருந்தது.

இனி முத்திருளன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். கொஞ்சம் கடலைக்காடு உண்டு. பத்து விரலும் மடங்கிப்போய், சட்டைப் பொத்தானைக்கூட அவர் சம்சாரம் சீனியம்மாள்தான் போட்டுவிடுவார். மற்றபடி ஆள் நல்ல திடம். அந்த நோய் அவரை முடக்கியிருக்கும், கொன்றிருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்ததும் என் நாற்காலியைப் பார்த்து, “சக்கரம் வச்ச சேர்ல ஒக்காந்துருக்கீக, பேசிக்கிட்டே உருண்டு போயிறாதீக” என்று கேலி செய்தார். நான் பொட்டலங்களைப் படத்துக்கு முன்னால் போட்டேன். அவரால் விரலால் பிடிக்க முடியவில்லை. புறங்கையால் ஒன்றைத் தன் பக்கம் ஒதுக்கினார். சீனியம்மாள் பிரித்தார். வெள்ளை. “கருப்பன் சொல்லிட்டான்டி” என்று அவர் சம்சாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகுதான் நான் படிவத்தை வாசிப்பேன். ஈரல், கண் மஞ்சள், நிறுத்திக்கொள்ளலாம் என்பது எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். இருவரும் தலையாட்டினார்கள். சாமி சொல்லி முடித்த பிறகு மனுசி வாசிப்பதை எந்த அளவுக்குக் கேட்பார்களோ அந்த அளவுக்குக் கேட்டார்கள். இந்த வரிசை நானாக வைத்துக்கொண்டது. வாசித்துவிட்டுப் பூக்கட்டினால் முகத்தில் பயம் தெரிந்தது. பூக்கட்டிவிட்டு வாசித்தால் அது இல்லை.

அவருக்கு விழுந்தது புது மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் விரல் நிமிர்ந்துவிட்டது. ஒருநாள் ஒரு பை நிறைய அவித்த கடலை கொண்டுவந்தார். என் முன்னால் நின்று, தன் விரலாலேயே ஒன்றை உடைத்து, பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடியும் போட்டுக் காட்டினார். சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் அதுதான் பெரியது.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் சீனியம்மாள் மட்டும் வந்தார். கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார், ஆனால் சீனியம்மாள் என்னைத்தான் தேடி வந்தார்.

“தாயி, அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. ஒண்ணுக்கும் அப்பிடித்தான் போகுது. சோத்தக் கண்டாலே கொமட்டுதுங்குறாரு. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், கேக்கல. மாத்திரைய நிறுத்துங்கன்னா, ‘வெள்ளப்பூ குடுத்த சாமிய வேணாம்னு சொல்லவா’ன்னு என்னயத்தான் வையிறாரு. நிறுத்துனா குத்தமாயிருமா தாயி?”

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “மதினி, படிவத்துல தெளிவா இருக்கு. எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்.”

“படிவத்துல இருக்கும் தாயி. சாமி சொல்லிருச்சே, அதக் கேக்குறேன். சாமி ஒண்ணும் சொல்லாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. அவரு ஒன் பேச்சக் கேப்பாரு.”

அவர் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெருவிரலில் கீழாநெல்லிப் பச்சை ஒட்டியிருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது மதினி. நான் என்னத்தச் சொல்ல” என்றேன். அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “அதுவுஞ் சரிதான். வாரேன் தாயி” என்றார்.

நான் அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். மேசையில் மிச்சமிருந்த மல்லிகையைத் தொடுத்து அவர் தலையில் வைத்துவிட்டேன். “பஸ்ஸே மணக்கப் போகுது” என்று அந்தக் கவலையிலும் சிரித்தார்.

அவர் போன பிறகு டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் உடனே வண்டி அனுப்பியிருப்பார். வண்டியில் வரும் முத்திருளன் டாக்டரிடம் பூவைப் பற்றிப் பேசுவார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஒருவர்கூட விலகாத ஊர் என்று, என் முறையை மற்ற ஊர்களுக்கும் சொல்லிக்கொடுக்கப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. அவர்கள் வந்து போகட்டும், அப்புறம் நானே கொட்டாம்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

முத்திருளன் அண்ணன் இறந்த துஷ்டிக்குத்தான் போக முடிந்தது. கடைசி நாளும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். தன் விரலாலேயே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தாராம். அதைச் சொல்லும்போது சீனியம்மாளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நான் தாங்க முடியாமல் அழுதேன். அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ அழுகாத தாயி. நீ என்ன பண்ணுவ. சாமி குடுத்துச்சு, சாமி எடுத்துக்கிருச்சு” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தலையில் பூ இல்லாமல் அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காரியம் முடிந்து மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, பூக்கட்டிப் பார்த்துத்தான் சேர்ந்தோம், நாகஜோதி அம்புட்டு நல்ல பிள்ளை என்று டாக்டரிடம் சீனியம்மாளே சொல்லியிருக்கிறார். என்னை மெச்சித்தான் சொன்னார். டாக்டர் என் அறையைக் கூட்டுகிற சோணையம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த அம்மா உங்களிடமும் பேசியிருப்பார். நோயாளி எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பது வழக்கமில்லை. நான் கூடையில் போட்டுவிடுவேன். பூ வீணாகிறதே என்று சோணையம்மாள் அவற்றைப் பிரித்துத் தன் வீட்டுச் சாமிக்கு எடுத்துப் போயிருக்கிறார். எல்லாவற்றிலும் வெள்ளைதான் இருந்தது என்று சொல்லியிருப்பாரே.

ஆமாம். ஒச்சம்மாளுக்குப் பிறகு வந்தவருக்கும் சிவப்பு விழுந்ததல்லவா. அன்று சாயங்காலம் யோசித்தேன். ஒரு சிவப்பு அரளிப் பூவுக்காக நல்ல மருந்தை ஒருவர் இழக்க வேண்டுமா என்று தோன்றியது. மறுநாளிலிருந்து நான் சிவப்பு வாங்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே கட்டினேன்.

‘தவறான தூண்டுதல்’ என்றும் ‘தகவல் மறைப்பு’ என்றும் குறித்திருக்கிறீர்கள். இந்த மாதிரிச் சொற்கள் யாருக்கும் புரியாது. நான் எளிமையாகச் சொல்கிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டிலும் வெள்ளைதான் மதினி என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முத்திருளன் மாத்திரையை நிறுத்தியிருப்பார். கண் மஞ்சளானால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியதே நான். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு, பூ வைத்து அனுப்பினேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இன்னொன்று, சீனியம்மாளிடம் யாராவது இதைப் போய்ச் சொல்லத்தான் வேண்டியிருக்கும். நீங்கள் போகாதீர்கள், என்னை அனுப்புங்கள். அவர் மனசு நோகாமல், அவருக்குப் புரிகிற மாதிரி என்னால்தான் சொல்ல முடியும்.