பூச்சரம் குறைந்த பக்கம்

அவைத் தலைவர் பொன்னுத்துரை அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, மடவளையிலிருந்து வந்திருக்கும் மர்ஹூம் ஹபீல் மாஸ்டரின் குடும்பத்தாரே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே, சங்கத்து நண்பர்களே!

எனக்கு மேடையில் குரல் எழும்பாது. கேட்காவிட்டால் கையை உயர்த்துங்கள்.

சித்திர ஆசான் ஹபீல் மாஸ்டர் போய்விட்டார்! இனி நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, "இத வரைஞ்சவன் ஆருக்காக வரைஞ்சான்?" என்று கேட்க யார் இருக்கிறார்?

சென்ற நூற்றாண்டில் ஆங்கிலேயர் தங்கள் பங்களாக்களுக்காக, பழைய கிரேக்க உரோமக் கோயில்களைப் பார்த்து வரைவித்த அலங்காரத் தாள்கள் நம்மிடம் இரவலாக இருக்கின்றன. சாடிகள், சுருண்ட இலைகள், பூச்சரங்கள். நாம் அழகு என்று சொல்லி அடுத்த தாளுக்குப் போனோம். அவர் போனாரா?

ஹுன்னஸ்கிரிய பங்களாவின் சாப்பாட்டறைத் தாள் உங்களுக்கு நினைவிருக்கும். சுவரின் இரு பக்கமும் ஒன்றுபோல் சரம் தொங்க வேண்டும். வலப்பக்கத்தில் மட்டும் சரம் குறைந்து, அவ்விடத்தில் சிறு வட்டம். பூ என்றோம்.

"பூவெண்டா அந்தப் பக்கத்திலயும் ஒரு பூ ஈக்கணுமே! இது கூரையில தொங்குற பங்கா விசிறிய இழுக்கிற கயிறு போற ஓட்டை" என்றார் மாஸ்டர்.

துணிக்கடை லாபிர் விடவில்லை. "ஹுன்னஸ்கிரியக் குளிருல பங்காவா, மாஸ்டர்? துரை வெறச்சே மௌத்தாப் போயிருப்பாரே!"

சபை சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாக மாஸ்டரே சிரித்தார். பிறகு மலையேறிப் போய் அந்தப் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்தில் அவர் சிரிக்கவில்லை.

"லாபிர் செல்லினது சரி. அது இழுத்தா மணியடிக்கிற கம்பிட ஓட்டை. கம்பி எங்க போய் முடியிது தெரியுமா? சமையக்கட்டுக்குப் பின்னால, வேலக்காரன் படுக்கிற எடத்தில. தலமாட்டில மணி."

கம்பியைச் சற்றுத் தள்ளியிருந்தால் சரம் முழுமையாக இருந்திருக்கும். ஆனால் துரையின் கை உட்கார்ந்த கதிரையிலிருந்தே எட்ட வேண்டும். அந்தக் கைக்காகக் கிரேக்க ஒழுங்கே விலகி நின்றது என்றார் மாஸ்டர். வடிவத்தை முதலில் பார், அது எங்கே குலைகிறதோ அங்கே யாரோ ஒரு மனிதர் இருக்கிறார் என்றார். இதைவிட நல்ல பாடம் உண்டா?

பெரியோர்களே, மாஸ்டரின் உரைகளை நினைவு நூலாக வெளியிடுகிறோம். பிழைதிருத்தும் பொறுப்பு என்னுடையது. மணிக்கம்பியைப் பற்றிய அந்த ஓர் உரை அச்சேறினால் பங்களாவுக்கு அவப்பெயர், தாள்களைத் திரும்பப் பெறுவேன், படங்களை வெளியிடவும் விடமாட்டேன் என்று, அவற்றை நமக்கு இரவல் தந்த ஹுன்னஸ்கிரிய பங்களாவின் இன்றைய சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். உரையை நீக்குவதென்று நமது செயற்குழு தீர்மானித்திருக்கிறது. தலைவர் என்னிடம் சொன்ன காரணமும் அற்பமானதல்ல: "படமில்லாட்டிப் பிள்ளையள் எதைப் பார்த்துப் படிக்கிறது, பெரியதம்பி?"

ஆனால் இன்று காலை மாஸ்டரின் மனைவி கைரியா உம்மா கேட்டார்: "மணிட பேச்ச எடுத்துப் போட்டா மிச்சம் வெறும் பூவும் எலையும்தானே, ஐயா?"

மாஸ்டர் கண்டது சரிதானா? எனக்குத் தெரியாது. கம்பி இருந்தது உண்மை; சரம் குறைந்தது வரைந்தவனின் கைத்தவறாகவும் இருக்கலாம். ஆனால் லாபிர் கேலி செய்தபோது தன் கருத்தைத் திருத்திக்கொண்ட மனிதர் அவர்! அவரை இன்னொருவர் திருத்த வேண்டுமென்றாலும், முதலில் அவர் சொன்னது அச்சில் இருக்க வேண்டாமா? படங்கள் போனால் பெரிய இழப்புத்தான். அந்த உரையும் போனால், படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் இங்கே உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். தலைவர் அவர்களே, நாளைக் காலை முழுப் பிரதியையும் உங்கள் மேசையில் வைப்பேன். அந்த உரையை நீக்குவதென்றால் நீங்களே நீக்குங்கள். பிழைதிருத்தியவர் என்ற இடத்திலுள்ள என் பெயரையும் அதோடு நீக்கிவிடுங்கள்.