விமானம் ஓட்டாத புள்ளியக்கா

தலைமையேற்றிருக்கும் கண் மருத்துவர் அவர்களே! "அந்தக் கம்ப்யூட்டரை உடைச்சாத்தான் நீ உருப்படுவே" என்று எங்களை வாழ்த்தி வளர்த்த தாய்மார்களே! குரலால் மட்டுமே பழகி, இன்று முதன்முறை முகம் பார்க்கும் படையணித் தோழர்களே! முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் தையற்கார அண்ணனே! கனத்த நெஞ்சோடு கைகூப்புகிறேன்.

தாய்மார்களுக்கு ஒரு விளக்கம். இணையத்தில் நாங்கள் ஆடும் விமானப் போர் இருவகை. ஒன்றில் எதிரியின் தலைக்குமேல் பெயர் மிதக்கும், தூரம் மின்னும், அம்புக்குறி வழிகாட்டும். மற்றதில் என்ன உண்டு? வானம் உண்டு, வெயில் உண்டு, வெயிலுக்குள் ஒளிந்து வரும் ஒரு கரும்புள்ளி உண்டு. பார்த்தவன் பிழைப்பான், பாராதவன் வீழ்வான்!

அண்ணனுக்குக் கண் அழுத்த நோய். ஊசியில் நூல் கோப்பார். நேரே உள்ளது தெரியும், ஓரம் தெரியாது; பக்கத்தில் நிற்பவரைக் காணார். அம்புக்குறி ஆட்டமே அவருக்கு ஏற்றது என்றோம். கேட்டாரா? இல்லை! குறியில்லா வானத்துக்கே வந்தார். ஏன் வந்தார்? அருகில் நாற்காலி போட்டு அவர் மனைவி, எங்கள் அக்கா அமர்ந்தார், அதனால் வந்தார்!

"ஏங்க, வலது பக்கம் மேல கொசு மாதிரி ஒண்ணு."

"நம்ம ஆளா, எதிரியா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? உங்களைப் பாத்துத்தான் வருது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் அன்று சிரித்தோம். புள்ளியக்கா என்று பெயரே வைத்தோம். அண்ணனின் மைக் வழியே கேட்ட அந்தக் குரல் எங்களையும் எத்தனை முறை காப்பாற்றியது!

ஒரு காலை, அடுப்படியில் மாரடைப்பு. அக்கா போய்விட்டார்.

அண்ணன் அம்புக்குறி ஆட்டத்துக்குப் போய்விட்டார். தேடிப்போய், "எப்படியிருக்கீங்கண்ணே?" என்றேன்.

"இங்க எல்லாமே தெரியுது தம்பி. ஆனா யாரும் பேச மாட்டேங்கறாங்க."

சென்ற வாரம் மறுபடி குறியில்லா வானத்துக்கு அழைத்து வந்தோம். நாங்களே கண்ணாவோம் என்று சூழ்ந்து பறந்தோம். பின்னால் ஒரு புள்ளி வந்தது. "அண்ணே, இடது! திரும்புங்க!" கத்தினோம், கதறினோம். அவர் திரும்பவில்லை. விமானம் எரிந்து விழுந்தது.

"காதுல விழலையாண்ணே?"

"விழுந்துச்சு தம்பி. அவ சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

பின்வரிசையில் கைதட்ட வேண்டாம் ஐயா; இது கைதட்டும் இடமன்று.

அண்ணா! அந்தக் குரலாக எங்களால் ஆக முடியுமா? முடியாது. அந்த நாற்காலியை நிரப்ப முடியுமா? முடியவே முடியாது! ஆனாலும் வாருங்கள். நாங்கள் கத்துவோம், நீங்கள் திரும்பாமல் இருங்கள். விழுங்கள், மறுபடி ஏறுங்கள், மறுபடியும் கத்துவோம். திரும்பத் தோன்றும் நாளில் திரும்பினால் போதும்.

இந்தத் துயரத்தைப் பகிர்ந்துகொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, கண்ணீரோடு அமர்கிறேன். வணக்கம்.