பொன்னேந்தலின் நாற்பத்தோரு வீடுகள்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி பதினேழு நிமிடம். கும்மிடிப்பூண்டியின் இந்த மண்டபத்தில் நூற்று முப்பத்தாறு பேர் இருக்கிறீர்கள். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். அளப்பது என் தொழில்.

மின்விசிறி நின்ற பிறகும் புன்னகை நிற்காமல் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை ஜானகியம்மாள் அவர்களே! தொழிற்பேட்டையின் கதவுகளைக் கண்ணிமைபோல் காக்கும் பாதுகாப்பு அலுவலர் வீரராகவன் அவர்களே! கல்லில் கிடந்த எழுத்தைக் கண் வலிக்கப் படித்துத் தந்த பெரியோர்களே! ஷிப்ட் முடித்த சட்டையோடு வந்திருக்கும் தோழர்களே! அடுப்பை அணைத்து அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம். வளம் குறையாத வணக்கம்.

"சீக்கிரம் மேட்டருக்கு வா நைனா!" என்கிறார் பின்வரிசையில் எபினேசர் அண்ணன். வந்துவிட்டேன் அண்ணே, எனக்கும் பொறுமை கிடையாது.

இன்று வெளியாகப்போகும் இந்தப் புத்தகத்தில் எழுபத்து மூன்று ஊர்கள் இருக்கின்றன. பழைய கல்வெட்டுகளில் பெயர் உள்ள ஊர்கள். ஒவ்வொன்றும் இன்று எங்கே இருக்கிறது என்று கருவியைத் தூக்கிக்கொண்டு திருவாலங்காட்டிலிருந்து மீஞ்சூர்வரை அலைந்து குறித்தவன் நான். ஊர்ப் பட்டியலில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு "இன்றைய நிலை". அதில் உண்டு என்று எழுதலாம், இல்லை என்று எழுதலாம். முப்பத்தெட்டாம் பக்கத்தில், பொன்னேந்தல் என்ற பெயருக்கு எதிரே, நான் "இல்லை" என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? அங்கே போனால் தொழிற்பேட்டையின் ஒரு தொழிற்சாலையும், லாரி நிறுத்தும் மைதானமும்தான் இருந்தன. ஒரு வீடு இல்லை, ஒரு வேலி இல்லை, ஒரு கோழிகூட இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊரைக் காலி செய்து மீஞ்சூர்ப் பக்கம் குடிவைத்துவிட்டார்கள் என்றார்கள். எழுதினேன், கிளம்பினேன். ஐந்து நிமிடம்!

அந்த ஐந்து நிமிடத்தின் விலை என்ன தெரியுமா? ஆண்டுதோறும் ஆடி மூன்றாம் ஞாயிறன்று பொன்னேந்தல்காரர்கள் பழைய இடத்துக்கு வந்து அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி பானையில் விழும். அம்மனைக் கும்பிடாத எபினேசர் அண்ணன் வீட்டு அரிசியும் விழும். போன ஆடியில் பானையோடு வந்தவர்களைத் தொழிற்பேட்டை வாயிலிலேயே காவலர்கள் நிறுத்திவிட்டார்கள். "அப்படி ஓர் ஊரே இல்லை என்று பட்டியலில் இருக்கிறதே" என்றார்கள். அது தொழிற்பேட்டைக்கு நான் அனுப்பியிருந்த என் பட்டியலின் முன்வரைவு! அவர்கள் சாலையோரத்தில், கண்டெய்னர் லாரிப் புழுதியில் பொங்கினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்யும் பொன்னேந்தல் குப்பம்மாள் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

"உக்காரு தம்பி. நாஷ்டா துன்னியா?"

"இல்லைக்கா."

"துன்னு மொதல்ல."

தின்றேன். சர்க்கரைப் பொங்கல். பாதி தின்றபோது கேட்டார்:

"ஊரே இல்லைன்னு எழுதிக்கினு கீறியே, நீ இப்ப துன்றியே, இத இன்னா ஊரு பொங்குச்சு?"

அவையோரே, டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

எந்தக் கருவியில் இதற்கு அளவு இருக்கிறது? அன்று மாலையே அவர் பின்னால் மீஞ்சூர்ப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போனேன். ஒரே தெரு, நாற்பத்தோரு வீடு. பழைய ஊரில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தாரோ, இங்கேயும் அவருக்குப் பக்கத்தில் அவரே. ஆனால் பதினேழாம் வீட்டுக்கும் பதினெட்டாம் வீட்டுக்கும் நடுவே வெற்றிடம்.

"இது யார் மனைக்கா?"

"அது கெணறு தம்பி."

"இங்கே கிணறே இல்லையே?"

"இங்க இல்ல. அங்க இருந்துச்சு. நம்ம கூட வந்த ஊருல அதுக்கும் எடம் வுடணும் இல்ல?"

வீட்டுக்கு இடம் போதாமல் அடித்துக்கொள்ளும் காலத்தில், வராத கிணற்றுக்கு இடம் விட்ட மக்கள்!

அந்தத் தெருவை அளந்து, பழைய நில அளவை வரைபடத்தின்மேல் பொருத்தினேன். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே விழுந்த புள்ளியில், லாரி மைதானத்தில், அனுமதி வாங்கித் தோண்டினோம். நான்கடி ஆழத்தில் சுட்ட மண் வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. உறைகிணறு! கல்வெட்டுக்கும் மூத்தது என்கிறார்கள் பெரியோர்கள். என் கருவி காணாததை அந்த வெற்றிடம் காட்டியது.

"கை தட்டாதீங்கப்பா, கேட்டு தொறக்குமான்னு கேளுங்க!" என்கிறார் குப்பம்மாள் அக்கா. இந்த ஆடிக்கு அந்த வாயில் திறக்குமா? அதுதான் கேள்வி. வீரராகவன் சார், "அச்சான புத்தகத்தில் இருந்தால் திறப்பேன்" என்று சொன்னீர்கள். புத்தகமோ என் பிழையோடு அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதி! திருத்தச் சொல்லி அச்சகத்துக்குக் கடிதம் அனுப்பினேன்; தாமதமாக அனுப்பினேன். அதுவும் என் தவறே. ஆகவே திருத்தச் சீட்டு அச்சடித்து வந்திருக்கிறேன். அதில் பொன்னேந்தலுக்கு இரண்டு இடங்கள்: மண் இருக்கும் இடம் ஒன்று, மக்கள் இருக்கும் இடம் ஒன்று. இன்றைய நிலை: உண்டு. உண்டு! உண்டு!

தலைவர் அம்மா சீட்டைப் படித்துக் கையெழுத்திட்டுவிட்டார். அவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. இப்போது இறங்கி, முதல் பிரதியில் குப்பம்மாள் அக்கா கையால் சீட்டை ஒட்டச் சொல்லி, அதை வீரராகவன் சாரிடம் கொடுப்பேன்.

2. மீதி நானூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் நானே ஒட்டுவேன். எபினேசர் அண்ணே, பசை கொண்டு வந்தீர்களா?

3. "இல்லை" என்று நான் எழுதிய மற்ற பதினோரு ஊர்களுக்கும் திரும்பப் போவேன். மண்ணை அளக்கும் முன் மனிதரைத் தேடுவேன்.

4. ஆகஸ்ட் 3, ஆடி மூன்றாம் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு அந்த வாயிலில் நிற்பேன். அக்காவின் டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் காலியாகத் தரமாட்டேன். நாற்பத்தோரு பெயரும் கூப்பிட்டு முடிந்தபின், ஊர் சம்மதித்தால், அந்த டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியைப் பானையில் போடுவேன்.