ஒத்தக் கண்ணுல கடலு

– கைய வுடு மாமா. நானே நடக்கறேன்.

– வுட்டா எங்கனா குழியில கால வெச்சிடுவ சுதா. நேத்துதான கட்ட அவுத்தாங்க.

– அதான் அவுத்துட்டாங்களே. அஞ்சு வருசமா நீ புடிச்சி இட்டுக்கினு போன கை. இன்னிக்கி ஒரு நாளு அது சும்மா தொங்கட்டும்.

– செரி செரி. கறுப்புக் கண்ணாடிய மட்டும் கழட்டிடாத. தூசி கீசி பட்டுதுன்னா திரும்பியும் ஆசுபத்திரிக்குதான் போவணும். எனுக்கு அந்த ஆசுபத்திரி இட்லி ஆவாது.

– இரு மாமா. இது செவுரா?

– செவுருதான்.

– மஞ்சளா?

– மஞ்சளேதான்.

– மஞ்ச இம்மாம் மஞ்சளா இருக்கும்ன்றதே மறந்து பூட்டுது. என் மண்டைக்குள்ள இருந்த மஞ்சளு தொவச்சித் தொவச்சி வெளுத்த துணி மாதிரி ஆயிடுச்சி போல. இத்த தொட்டா கையில ஒட்டிக்குமா?

– தொட்டுப் பாரு. யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. புதுச்சேரில பாதிப் பேரு இந்த செவுத்துல சாஞ்சிதான் போட்டோ எடுத்துக்கறாங்க.

– மேலருந்து செவப்பா தொங்குதே, அது?

– காயிதப் பூவு. நம்ம வெள்ளிமலையில பள்ளிக்கூடத்தாண்ட கூட இருக்குது.

– அது மாதிரி இல்ல இது. செவுத்துக்கு மேல தலைய நீட்டி, தெருவுல யாரு வராங்கன்னு எட்டிப் பாக்குது பாரேன்.

– நம்மளத்தான் பாக்குது. மலையில இருந்து ஒருத்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு சினிமாக்காரி மாதிரி வராளேன்னு.

– கிண்டலு பண்ணாத. உனுக்கு எப்டி இந்த எடமெல்லாம் தெரியும்?

– நீ உள்ள படுத்துக்கினு இருந்தப்ப நான் இன்னா பண்ணேன்? பொம்பள வார்டுல ஆம்பளைய வுட மாட்டேன்னுட்டாங்க. டீ குடிக்கறது, இங்க வந்து சுத்தறது. ஒரு ஆட்டோக்காரரு பழக்கமாயிட்டாரு. அவருதான் எல்லாத்தியும் சொன்னாரு. இது பிரெஞ்சுக்காரன் இருந்த பக்கம். தெருவெல்லாம் கோடு இழுத்த மாதிரி நேரா போவும். போயி கடல்ல முடிஞ்சிடும். வழி தப்பிட்டா காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாத்து நடந்தா போதுமாம்.

– கப்பல்ல வந்தவங்களா இம்மாம் பெரிய வூடெல்லாம் கட்னாங்க?

– அவன் எங்க கட்னான். கைய நீட்டி காட்னான், இங்க கட்டு, அங்க கட்டுன்னு. கல்லு சொமந்தது, சுண்ணாம்பு அரைச்சது எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதான். எங்க தாத்தாவும்தான் கூலி இல்லாம மலைய ஆண்ட ஜாகீர்தாருக்கு காலத்துக்கும் ஒழச்சாரு. நம்ம மலையில ஒரு தெருவு வந்துச்சா சொல்லு.

– தெருவு வந்திருந்தா எனுக்கு ஏன் இப்டி ஆவுது? ரஞ்சனி வயித்துல இருக்கசொல்ல கண்ணுல பொகை மாதிரி வருதுன்னு சொன்னேன். மழையில பாதை அடிச்சிக்கினு போயிடுச்சி, அடுத்த மாசம் பாக்கலாம்னு உங்கம்மா சொன்னாங்க. அடுத்த மாசம் புள்ள பொறந்துச்சி. அப்பறம் ஆத்தா குத்தம்னாங்க, பச்சல சாறு ஊத்துனாங்க.

– அத்த வுடு சுதா. கண்ணு கேம்புக்காரங்க வந்தாங்க, சாதா பொரைதான்னு சொன்னாங்க, எடுத்துட்டாங்க. இப்ப எதுக்கு அது.

– வுட்டுட்டேன் மாமா. கோவமா சொல்லல. ஏன், அந்தாளு தலையில இன்னா கோழிக்கொண்டை வெச்சிகினு நிக்கறாரு?

– மெதுவா பேசு. அவரு போலீசு. இந்த ஊருல அவங்களுக்கு செவப்புத் தொப்பி.

– நல்லாதான் இருக்குது. தூரத்துல இருந்தே திருடன் பாத்துட்டு ஓடிடுவான். பாவம், அவனும் பொழைக்கணுமே. மாமா, அந்தக் கதவு தொறந்திருக்குதே, அது இன்னா கோயிலா?

– மாதா கோயிலு. உள்ள போலாம், செருப்ப கழட்டிட்டு வா. நேத்து நான் போய் ஒக்காந்துகினு இருந்தேன். யாரும் கேக்கல.

– நம்ம ஆளுங்க போலாமா?

– கண்ணு தெரிஞ்சா வேண்டிக்கறேன்னு நான் எல்லா சாமிக்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். இவங்களையும் ஒரு வார்த்த கேட்டேன். வந்து சொல்லிட்டுப் போறதுதான மொற.

– யம்மாடி.

– இன்னா?

– பேசாத மாமா. செத்த சும்மா இரு.

– சுதா, நடுவுல நிக்காத, ஓரமா வா.

– என் கையப் பாரு. நீலமா இருக்குது. இந்தாண்ட நவுத்துனா செவப்பு. தேச்சாலும் போவ மாட்டேங்குது.

– மேல ஜன்னல்ல கலரு கண்ணாடி வெச்சிருக்கான். வெயிலு அதுல பூந்து வருது.

– வெயிலுக்கு கூட சட்ட போட்டு வுட்டிருக்காங்களா. இத்த செஞ்சவன் கண்ணு எப்டிப்பட்ட கண்ணா இருந்திருக்கும். ஒத்தக் கண்ணுலயே இம்மாம் தெரியுதே மாமா, இன்னொன்னும் தொறந்தா நான் தாங்குவனா?

– ரெண்டு மாசம் கழிச்சி வரச் சொல்லிருக்காங்க. அதுக்குள்ள பழகிக்க. அழுவாத. டாக்டரம்மா அழுவக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல.

– அழுவல. அதுவா வருது.

– இந்தா, துணியால மேலாக்க ஒத்து. தேய்க்காத. செரி, வா வெளிய போலாம். இன்னும் கடலு பாக்கல நீ.

– மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?

– கேளு.

– காலையில இருந்து நீ பஸ்ஸுன்னு ஒரு வார்த்த எடுக்கல. ஊருக்குப் போலாம் கெளம்புன்னு இப்ப சொல்லுவியா, அப்பறம் சொல்லுவியான்னு பயந்துகினேதான் நான் ஒவ்வொரு தெருவா நடக்கறேன்.

– எதுக்கு பயம்? அஞ்சு வருசமா எம்பொண்ணு மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டா போதும்னு அழுதவ நீ. கட்ட அவுத்த பின்னாடி போன்ல போட்டோ காட்டுனா மூஞ்சிய திருப்பிக்கற. எனுக்கு ஒண்ணியும் புரியல.

– அந்த சின்னக் கண்ணாடிக்குள்ள எம்பொண்ண மொதமொதல்ல பாக்க மாட்டேன்.

– போட்டோதான் பாக்க மாட்ட. வூட்டுக்காச்சும் போலாமான்னா அதுக்கும் பேச்சில்ல.

– முழுசா சொன்னா நீ சிரிப்ப.

– சிரிக்கல. சொல்லு.

– நேத்து கட்ட அவுத்த ஒடனே என் எதுருல ஒரு ஆளு நின்னாரு. தலையெல்லாம் நரச்சி, கன்னம் ஒட்டிப் போயி. யாருடா இதுன்னு பாத்தேன். பயந்துகூட பூட்டேன். சுதான்னு நீ கூப்ட்ட பின்னாடிதான் அது நீன்னே தெரிஞ்சிது.

– கரும்பு வெட்டப் போனா எல்லாருக்கும் கன்னம் ஒட்டும். அதுக்கு இன்னா இப்ப.

– நீ பெரிய ஆளு, தாங்கிக்குவ. அது கொழந்த. நான் ரஞ்சனி மூஞ்சிய வெரலாலயே செஞ்சி வெச்சிருக்கேன் மாமா. நெத்தி இவ்ளோ. மூக்கு எங்கம்மா மூக்கு. பேசசொல்ல என் தாடைய புடிச்சி தன் பக்கம் திருப்பிக்குவா, அப்ப கன்னம் எப்டி இருக்கும்னு தெரியும். ராத்திரியில தடவித் தடவி ஒரு மொகம் பண்ணி, அதுகூடத்தான் இம்மாம் நாளா குடும்பம் நடத்துறேன். நேருல போயி நின்னு, அது வேற மொகமா இருந்து, உன்ன பாத்த மாதிரி அதையும் யாரோன்னு ஒரு பார்வ பாத்துட்டா? பெத்தவ தன்ன யாரோன்னு பாக்கறத அது பாத்துடுமே மாமா. அந்த ஒரு பார்வைய அப்பறம் எங்க போயி அழிக்கறது?

– நேத்து ராத்திரியும் வார்டு வாசல்ல நின்னுகினு இதத்தான் சொன்ன.

– அரைகொறையா சொன்னேன். நீ கேட்டுட்டு ஒண்ணியுமே பேசாம போயிட்ட.

– பேசி இன்னா ஆவப்போவுது. யோசன பண்ணிக்கினு போனேன். இரு, போன் அடிக்குது. ம், சொல்லு. ம். எங்க? செரி செரி, அங்கயே இரு. திரும்பாத. வெய்யி.

– யாரு மாமா?

– மேஸ்திரி. வா, இந்தத் தெருவோட கடைசிக்குப் போலாம்.

– நில்லு மாமா.

– ஏன், கண்ணு கூசுதா?

– தெருவு முடியற எடத்துல வானம் ரெண்டா இருக்குது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

– கீழ இருக்கறது கடலு.

– அதுவா. அது நிக்குதா, நடக்குதா?

– கிட்ட வந்து பாரு. ரோட்டத் தாண்டசொல்ல மட்டும் என் கைய புடி.

– மாமா.

– சொல்லு.

– மலையில எத்த பாத்தாலும் அதுக்கு அந்தாண்ட இன்னொரு மலை இருக்கும். கண்ணு போயி முட்டிக்கினு நிக்கும். இதுக்கு அந்தாண்ட ஒண்ணியுமே இல்லியா?

– இருக்குது. நம்ம கண்ணுக்குத்தான் எட்டல. அங்கருந்துதான் கப்பல்ல வந்தாங்க.

– இம்மாம் தண்ணியத் தாண்டியா? இங்க ஒரு ஊரு இருக்குதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னா? ஒண்ணியும் தெரியாமத்தான எறங்கியிருப்பாங்க. நெஞ்சு எப்டி அடிச்சிருக்கும்.

– அடிச்சிருக்கும். ஆனா எறங்குனாங்க இல்ல.

– இது இன்னா, மரமாட்டம் கல்லு? ஒவ்வொண்ணுலயும் பொம்ம செதுக்கியிருக்குது.

– காந்தி செலைய சுத்தி நட்ட தூணு. செஞ்சிலருந்து கொண்டாந்ததாம், ஆட்டோக்காரரு சொன்னாரு. நம்ம பக்கத்துக் கல்லு.

– செஞ்சிக் கல்லு கூட கடலு பாக்க வந்து நின்னுடுச்சி, நான் இப்பத்தான் வரேன். இந்தக் கறுப்புப் பாறையில ஒக்காரலாமா?

– இங்க தண்ணி தெறிக்கும், கண்ணுக்கு ஆவாது. அந்தப் பக்கம் மணலு இருக்குது, வா. இங்க நில்லு. இங்கருந்தே பாரு.

– எவ்ளோ கொழந்தைங்க. அந்தப் பச்சப் பாவாடையப் பாரேன் மாமா.

– எது?

– அதோ, தண்ணியாண்ட. அலை கிட்ட வந்தா அப்பால போன்னு கைய காட்டி வெரட்டுது. அலை பின்னால போனா, இங்க வான்னு கூப்புடுது. அதுபாட்டுக்கு பேசிக்கினே இருக்குது பாரு அலைகூட.

– ம்.

– பயமே இல்ல அதுக்கு. நான் இம்மாம் பெரியவ, தெருக்கோடியிலயே நின்னுட்டேன்.

– அதுவும் இப்பதான் கடலு பாக்குது போல.

– திரும்புது, திரும்புது. ஐய, மூஞ்செல்லாம் மணலு. முடி கண்ணுல வந்து வுழுவுது, ஒதுக்கத் தெரியல. கூட வந்தவங்க யாராச்சும் ஒதுக்கி வுடக் கூடாதா? அந்தப் பொம்பள முதுக காட்டிக்கினு நிக்குது.

– நீ போயி ஒதுக்கி வுடேன்.

– யாருன்னு தெரியாத புள்ளைய நான் எப்டி தொடறது. ஆனா கண்ணு எடுக்க முடியல மாமா. அந்தச் செவுரு, கலரு வெயிலு, இந்தக் கடலு, எல்லாத்தியும் பாத்தேன். அதெல்லாம் இது சிரிக்கறதுக்குக் கிட்ட வருமா? இப்டி மொறச்சிப் பாத்தா கண்ணு பட்டுடுமோ?

– படாது. நல்லா பாரு.

– யாரு பெத்த பொண்ணோ. குடுத்து வெச்சவ.

– ராத்திரியே எங்கம்மாவுக்கு போன் போட்டு இட்டாரச் சொன்னேன். நீ பெத்த பொண்ணுதான், சுதா.