மருந்து படாத வரிசை

"மாமா, புழுவுக்கு வயிறு வலிக்குமா?" என்று ருக்மணி ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தாறு வயது இருக்கும். என் மேசையிலிருந்த கண்ணாடிப் போத்தலில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள். வலிக்காது என்றேன். குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கூப்பிடாமலே நான் வந்திருப்பது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் புழுவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் பெயர் நல்லையா. விவசாய ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தை ஒட்டி வாடகைக்கு இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் விளக்குப் போடுவேன். எறும்பு ஊரும் இடத்தில் கால் வைக்க மாட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இதைச் சொல்வார்கள்.

கம்பத்துக்குப் பின்னால் கடுகுக்கீரை போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் சில இருக்கின்றன. ஜப்பான்காரன் போன பிறகு டிடிடி பூச்சிமருந்து வந்தது. முதலில் புழுக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. சில வருடங்களில் அதே புழுக்கள் டிடிடியில் குளித்துவிட்டு வந்து கீரையைத் தின்றன. இலை முழுக்கச் சல்லடையாகி, நரம்பு மட்டும் நிற்கும். அந்தக் கீரையைச் சந்தையில் யாரும் தொட மாட்டார்கள். பிள்ளைகள் வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று படுத்ததை நான் பார்த்தேன். அதனால்தான் புழுவைக் கொல்ல நான் ஒரு பொடியைச் செய்தேன். பெயருக்காக அல்ல.

மண்ணில் ஒரு கிருமி இருக்கிறது. அது தனக்குள் ஒரு படிகத்தைக் கட்டி வைக்கும். வெறும் புரதம்தான், நாம் சாப்பிடும் பருப்பில் இருப்பது போல. புழு அதைத் தின்றால் கொஞ்ச நேரத்தில் வாய் நின்றுவிடும். குடல் கிழியும். உடம்பு கறுத்து, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தண்ணீராகச் சிந்தும். எந்தப் புழு கடைசிவரை தாக்குப்பிடித்துச் செத்ததோ, அதன் உடம்பிலிருந்து கிருமியை எடுத்து வளர்ப்பேன். அடுத்த தடவையும் அப்படியே. இப்படிப் புழுவின் பலத்தைக் கொண்டே என் பொடிக்குப் பலம் ஏற்றினேன். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. கீரைக்காரர்கள் முன்னால் ஒரு கரண்டி அள்ளித் தின்று காட்டினேன். இன்றுவரை என் பொடியால் ஒரு மனிதருக்கும் தீங்கு வந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் பொடியைத் தண்ணீரில் கலந்து கீரைக்கு அடித்தார்கள். காமாட்சியக்கா மட்டும் ஒரு வரிசையை விட்டுவிட்டார்.

அவர் ருக்மணியின் தாய். புருஷன் இல்லை. செட்டிக் கம்பத்துக்காரர்கள் வீட்டில் பேசுவது மலாய். என்னிடம் பேசும்போது மட்டும் அக்கா தமிழைத் தேடித் தேடி எடுப்பார். மூதாதையருக்குப் படையல் வைக்கும் நாளில், வாசலுக்கு வெளியே இன்னொரு இலை போட்டு, பூச்சி, காக்கை, யார் வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்று விடுவது அவர் வீட்டுப் பழக்கம். தோட்டத்திலும் அதையே செய்தார்.

"மத்த வரிசை எல்லாம் உனக்கு, தம்பி. அடிச்சுக்கோ. இது டியா ஓராங்குக்கு, இந்தப் பூச்சிங்களுக்கு. அதுங்களும் மாக்கான் பண்ணணும், சாப்பிடணும்தானே?"

"அக்கா, இந்த வரிசைதான் புழுவுக்குத் தொட்டில். இங்கே பிறந்து எல்லார் தோட்டத்துக்கும் போகும்."

"போகட்டும். அங்க நீ இருக்கியே, எமன் மாதிரி."

சிரிப்பார். அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது. எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. முன்பு நான் குடற்காய்ச்சலில் கிடந்தபோது, தினமும் கஞ்சி கொண்டுவந்து, கதவைத் தட்டாமல் வாசலில் மூடி வைத்துவிட்டுப் போனவர் அவர்தான். கஞ்சியில் கீரை மிதக்கும். எழுந்து நடமாடிய பிறகு நன்றி சொல்லப் போனேன். "அதை எல்லாம் சொல்லக் கூடாது, தம்பி. பாத்துட்டுச் சொன்னா புண்ணியம் போயிடும்" என்றார்.

பொடி வந்த பிறகு அதையும் சொல்லிக் காட்டினார். "நீ குடிச்ச கஞ்சியில இந்த வரிசைக் கீரைதான் போட்டேன். மருந்து படாத கீரை. அப்ப நல்லா இருந்துச்சு, இப்ப கசக்குதா?"

ஐயா, நான் அக்காவிடம் பலமுறை சொல்லிக் கேட்டேன்: ஆய்வுக்கூடத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகப் போகிறார். புதிய அதிகாரிகள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். எல்லாத் தோட்டமும் சுத்தமாக இருந்தால் என் பொடி நாடு முழுக்கப் போகும். எத்தனை பிள்ளைகள் சாப்பிடும். ஒரு வரிசைக் கருணைக்காக இத்தனையும் கெடலாமா?

மெர்டேக்கா தினத்தன்று, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று, காலை கம்பமே காலி. எல்லாரும் கொடி பார்க்கப் பாடாங் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். ருக்மணியும் காகிதக் கொடியோடு சித்தி அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அக்கா போகவில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். நான் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். அந்த வரிசையை நானே அடித்துவிடுவது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அவர் வரிசையின் நடுவில் வந்து நின்றார். "முதல்ல என் மேல அடி" என்றார். அடித்தேன். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, "சுடாவா? முடிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரித்தார். என் பொடி மனிதரை ஒன்றும் செய்யாது என்று சொன்னேன் அல்லவா.

மண்வெட்டி வரப்பில் சாய்த்து வைத்திருந்தது.

முதல் அடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். காதுக்கு மேலே திறந்துகொண்டது. இரண்டு கையாலும் அதை மூடப் பார்த்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி" என்றார். கோபமாக அல்ல, ஏதோ கேட்க வந்தவர் போல. அரை அளவு மருந்து கொடுப்பது பெரிய பாவம் என்று கீரைக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். துடித்துக்கொண்டு கிடக்க விடுவது கொடுமை. அதனால் முழுவதும் செய்தேன். முகம் முகமாக இல்லாமல் போகும்வரை செய்ய வேண்டியிருந்தது. பிறகு கீரையைப் பிடுங்கி, அந்த வரிசையிலேயே ஆழமாகத் தோண்டி அவரை வைத்தேன். மேலே பொடியை அடித்தேன். மூவார் ஊரில் இருக்கும் உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அவசரமாகப் போனார் என்று அஞ்சலையிடம் சொன்னேன். பிறகு வராததற்கு ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்தது: யாரோ ஓர் ஆளோடு சிங்கப்பூர் போய்விட்டாராம். நான் மறுத்துத்தான் பேசினேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அதிகாரிகள் வந்தார்கள். ஓர் இலையில் ஓர் ஓட்டை இல்லை. கைகுலுக்கினார்கள்.

மறு வருடம் புழு வந்தது. பொடியைத் தின்றுவிட்டு இலையையும் தின்றது. எத்தனை பலம் ஏற்றியும் சாகவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. காட்டோரம் தானாக முளைத்த, மருந்தே படாத கடுகுச் செடியில் கிடைத்த பூச்சியைக் கொண்டுவந்து, சாகாத பூச்சியோடு ஒரே கூண்டில் விட்டேன். அவற்றுக்குப் பிறந்த புழுக்கள் என் பொடியில் செத்தன.

புரிகிறதா ஐயா? பொடிக்குத் தப்பும் புழு எங்கும் ஒன்றிரண்டு இருக்கும். அது பூச்சியாகி இணை கூடுவதற்கு அக்காவின் வரிசையில், பொடிக்குச் சாகக்கூடிய சாதுவான பூச்சிகள் கூட்டமாக இருந்தன. அதனால் பிறந்ததெல்லாம் சாதுவாகவே பிறந்தது. நான் அந்த வரிசையை அழித்தேன். மிஞ்சிய முரடுகள் தங்களுக்குள்ளேயே கூடின. என் மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த வரிசைதான்.

அன்றிலிருந்து அந்த வரிசையில் நானே விதை போட்டேன். மருந்து அடிப்பதில்லை. யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். பார்த்துவிட்டால் புண்ணியம் போய்விடும் என்று அக்கா சொன்னாரே. இப்போது பொடி மறுபடி வேலை செய்கிறது. பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அவர் வைத்த கஞ்சிக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். எங்களுக்குள் கணக்கு தீர்ந்தது. ருக்மணி வளர்ந்துவிட்டாள், அம்மாவைப் பற்றியும் புழுவைப் பற்றியும் இப்போது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதுவும் நல்லதுதான்.

வந்த காரணம் இதுதான். புதிய வீடுகள் கட்ட அந்த நிலத்தை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை டிராக்டர் வருகிறது. நான் சொன்னால் யார் கேட்பார்கள்? நீங்கள் சொன்னால் நிறுத்துவார்கள். எப்படியும் நீங்கள் அங்கே தோண்டித்தான் பார்ப்பீர்கள். ஆட்களை மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். செடிகளை வேரோடு எடுத்துப் பக்கத்தில் நட்டுவிடட்டும்.

அவற்றில் புழு இருக்கிறது, ஐயா. பாவம், அடிபட்டுவிடக் கூடாது.